மௌனமா உட்கார்ந்தா அது செபமா, இல்ல வெறுமனே உட்கார்றதா?

ஈசூன்_காலை5மணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் சின்ன வயசுலேர்ந்து சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்தான். செபமாலை, நவநாள், தவக்காலத்துல சிலுவைப்பாதை எல்லாம் விடாம பண்ணுவேன். போன வருஷம் ஒரு தியானத்துல ஃபாதர் சொன்னாரு, தினமும் 20 நிமிஷம் எதுவும் கேக்காம, எதுவும் சொல்லாம ஆண்டவர் முன்னாடி சும்மா இருந்து பாருங்கன்னு. ஏனோ அந்த வார்த்தை மனசுல ஒட்டிக்கிச்சு.

அம்மா என்கூடதான் இருக்காங்க, 81 வயசு, டிமென்ஷியா. அவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி காலைல 5 மணிக்கு கிச்சன் மேசையில பாடுபட்ட சுரூபத்தை, அதான் சிலுவையில இயேசு இருக்குற சுரூபத்தை வச்சு, ஒரு சின்ன மெழுகுவர்த்தி ஏத்தி உட்காருவேன். முதல் ரெண்டு மாசம் அப்படி ஒரு இனிப்பு. கண்ணுல தானா தண்ணி வரும். எந்திரிக்கவே மனசு வராது.

இப்ப ஏழு மாசமா ஒண்ணுமே இல்ல. முழுக்க பராக்கு. பாம்பர்ஸ் எத்தனை மிச்சம், டே கேர் வேன் நேத்து லேட்டு, மெய்டுக்கு லீவு எப்ப குடுக்கணும், இதேதான் ஓடுது. ரைஸ் குக்கர்ல பச்சை கலர்ல மணி காட்டும், கண்ணு அதுலதான் நிக்குது. 5:07. அப்புறம் ஒரு யுகம் கழிச்சு பாத்தா 5:09. இதுல அம்மா வேற நடுவுல முழிச்சுக்கிட்டு "பாப்பா, விடிஞ்சிருச்சா"ன்னு கூப்பிடுவாங்க. எந்திரிச்சு போவேன், ஆனா உள்ளுக்குள்ள கோவம் கோவமா வரும், இந்த 20 நிமிஷம் கூட எனக்கு இல்லையான்னு. அப்புறம் அந்தக் கோவத்துக்காக நாள் பூரா குத்த உணர்ச்சி.

செபக் கூட்டத்துல ஒரு அக்கா கிட்ட சொன்னேன். இது கத்தோலிக்க செபமே இல்ல, மனசை காலியா வச்சா கெட்டது உள்ள வரும், விட்டுடுன்னுட்டாங்க. ரெண்டு நாளா உட்காரவே பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க, நான் பண்றது செபமா இல்லையா?

உட்லண்ட்ஸ்_மேரி

எனக்கும் இதே கதைதான், எனக்கு பஸ்ஸுல. யாராவது பதில் போட்டா நானும் படிப்பேன்.

தீச்சுடர்

அன்பு சகோதரி, உங்க தாகம் ஆண்டவருக்குத் தெரியும். ஆனா அந்த அக்கா சொன்னதை லேசா தள்ளிடாதீங்க. நான் பத்து வருஷத்துக்கு மேல அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கத்துல இருக்கேன். நம்ம ஊர்ல யோகா கிளாஸ், மைண்ட்ஃபுல்னஸ் ஆப், ஆபீஸ்லயே மெடிடேஷன் ரூம்னு எல்லாம் கலந்து கிடக்கு, நம்ம ஜனங்க எது நம்மளோடது எது இல்லன்னு தெரியாம போய் உட்கார்றாங்க. இயேசு நமக்கு சொல்லிக் குடுத்தது "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". வார்த்தையோட குடுத்தாரு, வெறும் அமைதியா குடுக்கல. வாயைத் திறந்து துதிங்க, இந்த வறட்சி உடையும். அக்கறையோடதான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

மௌனவாசகி

ஈசூன் அக்கா, அந்த ரைஸ் குக்கர் மணியைப் படிச்சதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது அவிலா தெரேசா, 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் கன்னியாஸ்திரி. அவங்க தன்னோட சுயசரிதையில எழுதியிருக்காங்க, பல வருஷம் செபத்துல உட்கார்ந்திருக்கும்போது இந்த ஒரு மணி நேரம் எப்ப முடியும், மணி எப்ப அடிக்கும்னுதான் காது குடுத்துட்டு இருந்தாங்களாம். செபத்தைப் பத்தி திருச்சபையில இவங்களைத் தாண்டி எழுதினவங்க ரொம்ப கொஞ்சம், 1970ல மறைவல்லுநர்னு, அதாவது திருச்சபைக்கே ஆசிரியர்னு அறிவிச்சாங்க, அப்பேர்ப்பட்டவங்க மணி பாத்துட்டு உட்கார்ந்திருந்தாங்க! நீங்க அவங்க உட்கார்ந்த அதே ஸ்டூல்லதான் உட்கார்ந்திருக்கீங்க.

இது கத்தோலிக்க செபமான்னு கேட்டீங்க. திருச்சபை போதனையைத் தொகுத்து வச்சிருக்குற மறைக்கல்வி ஏட்டை எடுத்துப் பாருங்க, செபத்தைப் பத்தின நாலாம் பகுதியில மூணு வகை செபம் சொல்லியிருக்கு: வாய்ச் செபம், தியானம், அப்புறம் இந்த மௌனமான ஆழ்நிலைச் செபம். எண் 2709லேர்ந்து 2719 வரைக்கும் இதைப் பத்தி மட்டும்தான். அது தொடங்குறதே தெரேசாவோட வார்த்தையிலதான், நம்மளை நேசிக்கிறாருன்னு தெரிஞ்ச ஒருத்தர்கூட அடிக்கடி தனியா நேரம் எடுத்து நட்பா இருக்கிறதுதான் செபம்னு. "நேசிக்கிறாருன்னு தெரிஞ்ச ஒருத்தர்" இதுதான் முக்கியம். அங்க ஒருத்தர் இருக்காரு. காலி அறை கிடையாது.

தீச்சுடர் சகோதரர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அதை நான் மறுக்கல. தெரேசாவே இதுல கண்டிப்பு. நாமா பலவந்தமா மனசோட வேலையை நிறுத்திக்கிட்டு சூனியமா உட்கார்றதை அவங்க ஒத்துக்கல. எவ்வளவு உயரமான செபத்துக்குப் போனாலும் இயேசுவோட மனுஷத்தன்மையை, அவர் பட்ட பாட்டை, அவர் முகத்தை விட்டுட்டுப் போகாதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க. 1989ல ரோம்லேர்ந்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவ தியானத்தைப் பத்தி ஒரு கடிதம் வெளியிட்டுச்சு, பின்னாடி போப் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்துப் போட்டது, தேதி அக்டோபர் 15, தெரேசா திருநாள். அதுலயும் இதே விஷயம்தான். மூச்சு, உட்கார்ற விதம், அதுல வர்ற ஒரு சுகம், இதையெல்லாம் பரிசுத்த ஆவியோட ஆறுதல்னு குழப்பிக்காதீங்கன்னு எச்சரிக்குது. அதே கடிதம் மத்த மதங்கள்ல இருக்குறதை எல்லாம் குருட்டுத்தனமா ஒதுக்கவும் சொல்லல, கிறிஸ்தவ செபத்தோட அடிப்படை மறையாத வரைக்கும் உதவுறதை எடுத்துக்கலாம்னும் சொல்லுது. ஒரு பாதியை மட்டும் படிச்சுட்டு பயமுறுத்துறவங்களையும் பாத்திருக்கேன், இன்னொரு பாதியை மட்டும் படிச்சுட்டு என்னவேணா பண்றவங்களையும் பாத்திருக்கேன்.

அக்கா, நீங்க சுரூபத்தை முன்னாடி வச்சுக்கிட்டு உட்கார்றீங்க. பயப்பட என்ன இருக்கு இதுல?

தீச்சுடர்

நன்றி சகோதரி. சுரூபத்தை முன்னாடி வச்சுதான் பண்றாங்கன்னு நான் சரியா கவனிக்காம எழுதிட்டேன், அது தப்பு. இயேசுவை விடாம உட்கார்றதுன்னா எனக்கு மறுப்பு இல்ல. ஆனா ஒரு சந்தேகம், சில குரூப்ல ஒரே வார்த்தையை மந்திரம் மாதிரி திரும்பத் திரும்ப சொல்லச் சொல்றாங்களே, "மாரனாத்தா"ன்னு. அது எங்கிருந்து வந்துச்சு? அது இந்து வழக்கம்தானே?

ஓஃபிர்ரோடு_தாத்தா

இதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா கதை நம்ம பக்கத்து ஊர்ல நடந்தது.

ஜான் மெய்ன்னு ஒருத்தர், 1950கள்ல மலாயாவுல பிரிட்டிஷ் அரசாங்க வேலைல இருந்தாரு. அப்ப அவரு சாமியார் இல்ல. கோலாலம்பூர்ல சுவாமி சத்யானந்தான்னு ஒரு இந்து துறவியைப் பாக்கப் போனவரு, அவர்கிட்ட மௌன தியானம் கத்துக்கிட்டாரு. நீ கிறிஸ்தவன், உன் விசுவாசத்துக்குள்ளயே ஒரு வார்த்தையை எடுத்துக்கோன்னு சுவாமி சொன்னதா மெய்ன் பின்னாடி சொல்லியிருக்காரு. அப்புறம் லண்டன்ல பெனடிக்ட் சபையில சேர்ந்தப்ப அங்க புதுசா சேர்றவங்களுக்குப் பயிற்சி குடுக்குற நவசந்நியாச குரு இதை விட்டுடுன்னாரு. அவரும் கீழ்ப்படிஞ்சு விட்டுட்டாரு, ஒண்ணு ரெண்டு நாள் இல்ல, பல வருஷம். தீச்சுடர் தம்பி இதை கவனிக்கணும், கீழ்ப்படிஞ்சு விட்டாரு. அப்புறம் பழைய காசியானைப் படிக்கிறப்பதான் அதே செபம் அங்கேயே இருக்குறதைப் பாத்தாரு. காசியான் 4, 5ஆம் நூற்றாண்டு ஆளு, எகிப்து வனாந்தரத்துத் துறவிகள்கிட்ட கத்துக்கிட்டதை எழுதி வச்சவரு. அந்தத் துறவிகள் சங்கீதம் 70ஓட முதல் வசனத்தை, கடவுளே எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்ங்கிறதை, சாப்பிடும்போதும் நடக்கும்போதும் தூங்கப்போகும்போதும் விடாம சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம். மாரனாத்தாவும் பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதத்தோட கடைசியில இருக்குற வார்த்தைதான், ஆண்டவரே வாரும்னு அர்த்தம்.

எனக்கு அந்த முறை ஒத்து வரல, முயற்சி பண்ணிப் பாத்தேன். ஆனா அது வெளியிலேர்ந்து திருட்டுத்தனமா வந்ததுன்னு சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். எங்கப்பா செம்பவாங் நேவல் பேஸ்ல வேலை பாத்தவரு. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி நாங்க எல்லாம் முட்டி போட்டு செபமாலை சொல்லுவோம், அஞ்சாவது தேவரகசியம் வர்றதுக்குள்ள நாங்க பிள்ளைங்க தூங்கி விழுவோம். முடிச்சுட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவோம், அம்மா மட்டும் அதே இடத்துல உட்கார்ந்திருப்பாங்க. செபமாலை மடியில கிடக்கும், ஒரு மணியை மட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சிருப்பாங்க, அது நகராது. உதடும் அசையாது. நான் ஒருநாள் கேட்டேன், முடிஞ்சிருச்சே இன்னும் என்னம்மா பண்றீங்கன்னு. "சும்மா இருக்கேன்டா, மாதாவும் சும்மா இருக்கா"ன்னாங்க. ஆர்ஸ் ஊர்ல பங்குச் சாமியாரா இருந்த வியான்னி காலத்துல ஒரு விவசாயி நற்கருணைப் பேழை முன்னாடி மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பாராம், கேட்டா நான் அவரைப் பாக்குறேன், அவரு என்னைப் பாக்குறாருன்னாராம். மறைக்கல்வி ஏட்டுலயே 2715ல இது இருக்கு. நான் அதைப் படிச்சப்ப எனக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு. புத்தகத்தை மூடிட்டு அழுதேன். இது எங்க வீட்லயே இருந்துச்சு, எனக்குத்தான் பேர் தெரியல.

அதனால செபமாலை வேற, மௌனம் வேறன்னு பிரிச்சு சண்டை போட வேணாம்னு நினைக்கிறேன். ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள கூட்டிட்டுப் போகும்.

ராம்நாட்_தம்பி

அக்கா வணக்கம். நான் ஓரியூர் பக்கம், அருளானந்தர் ரத்தம் சிந்துன மண்ணு. இங்க கன்ஸ்ட்ரக்‌ஷன்ல வேலை, டார்மிட்டரில ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு. மௌனம்னு எல்லாம் எனக்கு வாய்க்காது அக்கா, ஒருத்தன் வீடியோ கால்ல இருப்பான், ஒருத்தன் குறட்டை, ஒருத்தன் பாட்டு. மேல் பெட் என்னோடது, சுவத்துப் பக்கம் திரும்பி படுத்துக்கிட்டு தலையோட போர்வை போத்திக்குவேன். அதான் என் கோயில். காலைல லாரில போகும்போதும் கண்ணை மூடிக்குவேன், எல்லாரும் தூங்குறான்னு நினைப்பாங்க.

நான் பெருசா படிச்சவன் இல்ல. ஆனா ஒரு தியானத்துல அந்த தெரேசாம்மா சொன்ன தண்ணிக் கதையைக் கேட்டேன், அது எனக்கு அப்படியே புரிஞ்சிருச்சு. தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்ச நாலு வழியாம். கிணத்துலேர்ந்து வாளில இறைக்கிறது, கை வலி எடுத்துரும். ரெண்டாவது ராட்டினம் மாதிரி சக்கரம் சுத்தி இறைக்கிறது, கொஞ்சம் சுலபம். மூணாவது ஆத்துலேர்ந்து வாய்க்கால்ல வர்றது. நாலாவது மழை, அதுக்கு நாம ஒண்ணுமே பண்ண வேண்டியதில்ல, அவரே பெய்யுறாரு.

அக்கா எங்க ஊரு வானம் பாத்த பூமி. மழையை யாரும் வரவைக்க முடியாது. ஆனா கோடைல ஊரே சேர்ந்து கண்மாய் தூர் வாருவோம், வரத்துக்கால்ல கிடக்குற முள்ளை வெட்டுவோம். வெயில்ல மண்ணு சுமக்கும்போது கண்மாய்ல ஒரு சொட்டு தண்ணி இருக்காது, வெடிச்சு கிடக்கும். அப்ப அங்க நின்னு இங்க எங்க தண்ணின்னு யாரும் கேக்க மாட்டாங்க, எல்லாருக்கும் தெரியும் எதுக்கு வாருறோம்னு. நீங்க அஞ்சு மணிக்கு உட்கார்றது எனக்கு அப்படித்தான் தெரியுது.

உட்லண்ட்ஸ்_மேரி

தம்பி 🙏 லாரில நீங்க கண்ணை மூடுற மாதிரிதான் நான் 969 பஸ்ஸுல.

ஈசூன்_காலை5மணி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. தாத்தா உங்க அம்மா கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், புரிஞ்சுதோ என்னவோ, தலையாட்டினாங்க.

பயம் போயிடுச்சு. இன்னைக்கு திரும்ப உட்கார்ந்தேன். ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. இந்த வறட்சி என் பாவத்தால வந்ததா இருந்தா? நான்தான் ஏதோ சரியில்லாம போய், அவரு விலகிட்டாருன்னா? அது எப்படித் தெரிஞ்சுக்கிறது? அம்மா கூப்பிடும்போது வர்ற அந்த கோவத்தையும் யோசிச்சுப் பாக்குறேன், ஏழு மாசம் ஆண்டவர் முன்னாடி உட்கார்ந்தவளுக்கு இப்படி கோவம் வரலாமா?

மௌனவாசகி

அக்கா இது நல்ல கேள்வி, இதுக்கு தெரேசா காலத்து ஸ்பெயின் துறவி சிலுவை யோவான் கிட்டதான் போகணும். அவரு சும்மா உட்கார்ந்த இடத்துல இருட்டைப் பத்தி எழுதினவரு இல்ல, 1577 டிசம்பர்ல அவரோட சபைக்காரங்களே பிடிச்சு டொலேடோ மடத்துல ஒரு குறுகலான அறையில போட்டு ஒன்பது மாசம் அடைச்சு வச்சிருந்தாங்க. அந்த மனுஷன் சொல்றாரு, வறட்சி நம்ம அசட்டையால வந்ததா, ஆண்டவரே கூட்டிட்டுப் போறதால வந்ததான்னு பாக்க மூணு அடையாளம் இருக்குன்னு. ஒண்ணு, கடவுள் காரியத்துல ருசி இல்ல, அதே சமயம் உலக காரியத்துலயும் ருசி இல்ல. அசட்டைன்னா செபம் போரடிக்கும் ஆனா நெட்ஃபிளிக்ஸ் இனிக்கும், பாருங்க அதான் வித்தியாசம். ரெண்டு, நான் கடவுளுக்கு சரியா பண்ணலையோங்கிற கவலை விடாம இருக்கும். ஆறிப்போன மனசுக்கு அந்தக் கவலையே வராது. மூணு, முன்ன மாதிரி ஒரு காட்சியை மனசுல கொண்டு வந்து யோசிச்சு தியானிக்க முயற்சி பண்ணாலும் முடியாது. மூணும் சேர்ந்து இருக்கணும்ங்கிறாரு.

உங்க ரெண்டாவது பதிவை நீங்களே திரும்ப வாசிங்க அக்கா. ரெண்டாவது அடையாளம் ஒவ்வொரு வரியிலயும் இருக்கு.

ஆனா நான் யாரு தீர்ப்பு சொல்ல. யோவானே உடம்பு, மனச்சோர்வு இதுலேர்ந்தும் இந்த ருசியின்மை வரலாம்னு சொல்லியிருக்காரு, 16ஆம் நூற்றாண்டுலயே. டிமென்ஷியா இருக்குற அம்மாவை நாள் முழுக்க பாத்துக்கிறவங்களுக்கு தூக்கம் எங்க, ஓய்வு எங்க? ஒரு டாக்டரைப் பாருங்க, பாலிகிளினிக்ல சொன்னாக்கூட போதும், அது விசுவாசக் குறைவு இல்ல. அதோட ஒரு ஆன்ம வழிகாட்டி வேணும், இதைத் தனியா நடக்காதீங்க. விக்டோரியா பார்க் ரோட்டுல இயேசு சபையினரோட கிங்ஸ்மீட் ஹால் இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க.

இப்ப அந்த கோவத்துக்கு வர்றேன். தெரேசா 1577ல எழுதின அகக்கோட்டை புத்தகத்துல அஞ்சாவது உறைவிடம்ங்கிற பகுதியில கொஞ்சம் கோவமாவே எழுதுறாங்க. சில சிஸ்டர்ஸ் செபத்துல கிடைச்ச பக்தி சிந்திடக் கூடாதுன்னு அசையாம, தலையைக் கூட தூக்காம உட்கார்ந்திருப்பாங்களாம். இல்ல சகோதரிகளே இல்ல, ஆண்டவருக்கு வேண்டியது செயல்ங்கிறாங்க. நோயாளியா ஒரு சகோதரி இருந்து உன்னால அவளுக்கு ஏதாவது ஆறுதல் குடுக்க முடியும்னா, பக்தி போயிடுமோன்னு பயப்படாம எந்திரிச்சுப் போ, அவ வலி உன் வலியாகட்டும்னு. நாம கடவுளை நேசிக்கிறோமான்னு நமக்குத் தெரியாது, ஆனா பக்கத்துல இருக்குறவங்களை நேசிக்கிறோமாங்கிறது தெரியும், அதை வச்சுப் பாத்துக்கோங்கங்கிறாங்க.

அக்கா, நீங்க ஏழு மாசமா ஒவ்வொரு நாளும் எந்திரிச்சுப் போயிருக்கீங்க. கோவத்தோட போனீங்க, சரி. ஆனா போனீங்க.

தீச்சுடர்

சகோதரி, என் அம்மாவும் கடைசி ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தாங்க. நீங்க எழுதின அந்த கோவம் எனக்குத் தெரியும். நான் அப்ப சத்தமா துதிச்சு துதிச்சு அதை அமுக்கினேன், ஆண்டவர்கிட்ட ஒரு நாளும் சொல்லல. அம்மா போன பிறகுதான் சொன்னேன். நீங்க இப்பவே சொல்லிடுங்க. உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும் இந்த வாரம் என் செபமாலை.

ஓஃபிர்ரோடு_தாத்தா

எலியா குகை வாசல்ல நின்ன கதையை எடுத்து வாசிங்க மகளே, முதல் அரசர் 19. காத்துல இல்ல, நிலநடுக்கத்துல இல்ல, தீயில இல்ல, அப்புறம் "அடக்கமான மெல்லிய ஒலி". நான் பல வருஷம் அந்த ஒலி உள்ளுக்குள்ள கேக்கும்னுதான் காத்துட்டு இருந்தேன். உங்க பதிவைப் படிச்ச பிறகு யோசிக்கிறேன், அடுத்த ரூம்லேர்ந்து "பாப்பா விடிஞ்சிருச்சா"ன்னு வர்ற சத்தமும் மெல்லிசாத்தானே இருக்கும்.

ஈசூன்_காலை5மணி

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்குங்க, அம்மாவுக்கு நடுவுல காய்ச்சல்.

வறட்சி அப்படியேதான் இருக்கு. பராக்கும் இருக்கு. ரைஸ் குக்கர் மேல ஒரு துணியைப் போட்டு மூடிட்டேன், அது மட்டும்தான் மாத்தம். தீச்சுடர் அண்ணன் சொன்ன மாதிரி முதல் நாள் உட்கார்ந்ததும் சத்தமா சொன்னேன், ஆண்டவரே எனக்கு எங்கம்மா மேல கோவமா இருக்கு, களைப்பா இருக்குன்னு. வேற ஒண்ணும் சொல்லத் தோணல. அப்படியே இருந்தேன்.

போன வியாழக்கிழமை வழக்கம் போல கூப்பிட்டாங்க. போனேன். எப்பவும் நான் வாசல்ல நின்னு "இன்னும் விடியலம்மா தூங்குங்க"ன்னு சொல்லிட்டு திரும்பிடுவேன், அன்னைக்கு என்னவோ கட்டில்ல போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. யாருன்னு தெரிஞ்சுதா தெரியல. என் சுண்டு விரலை மட்டும் பிடிச்சு மெதுவா உருட்டிக்கிட்டே இருந்தாங்க, மணி உருட்டுற மாதிரி. நானும் பேசல, அவங்களும் பேசல. வெளியில முதல் பஸ் போற சத்தம் கேட்டுச்சு. கிச்சன்ல மெழுகுவர்த்தி எரிஞ்சுக்கிட்டு இருக்கே, அணைக்கணுமேன்னு தோணுச்சு, ஆனா எந்திரிக்கல.

கோவம் வரல அன்னைக்கு. அடுத்த நாள் வந்துச்சு. இருந்தாலும் எழுதணும்னு தோணுச்சு.

கிங்ஸ்மீட் ஹாலுக்கு ஃபோன் பண்ணப் போறேன். டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட்டும் எடுத்துட்டேன். ராம்நாட் தம்பி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வருவீங்கன்னா சொல்லுங்க, அம்மாவை வீல்சேர்ல கூட்டிட்டு வரேன், பக்கவாட்டு வாசல் கிட்ட இருப்போம். மதியத்துக்கு மீன் குழம்பு கட்டி எடுத்துட்டு வரேன், பன்னெண்டு பேருக்கும் சேர்த்து.

ராம்நாட்_தம்பி

வர்றேன் அக்கா. சனிக்கிழமை நைட்டு ஓடி (ஓவர்டைம்) இருக்கு, முடிச்சுட்டு நேரா வந்துடுறேன். ரூம்ல ரெண்டு பேரு மீன் சாப்பிட மாட்டாங்க, மத்தவங்களுக்கு போதும்.